மதியத்துக்கு 280 கலோரி பெட்டி: நாலு மணிப் பசிக்கு என்ன வழி?

நீலவானம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வாரமாக அலுவலகத்தில் என் மதியச் சாப்பாடு, ஃப்ரீசரிலிருந்து எடுத்து மைக்ரோவேவில் சூடாக்கும் குறைந்த கலோரிப் பெட்டிதான். அதற்கு முன்பு பாதி நாள் மதியம் சாப்பிடவே மாட்டேன். வேலை குவிந்து கிடக்கும், எழுந்து போக மனம் வராது. மீதி நாள் வெளியிலிருந்து எதையாவது வரவழைத்து அளவு தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் முழுக்கக் கண் சொருகும். பெட்டிக்கு மாறியதும் ஓர் ஒழுங்கு வந்தது. பன்னிரண்டரைக்கு எழுந்து போகிறேன், சூடாக்குகிறேன், உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கு இதுவே பெரிய விஷயம்.

சிக்கல் நாலு மணிக்கு வருகிறது. கை நடுங்கும் அளவுக்குப் பசி. பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் சமைக்கும்போதே நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. அப்புறம் அப்படியே நிற்கிறது.

வழக்கமாக வாங்கும் பெட்டியின் லேபிளில் இருப்பது இது: எடை 255 கிராம், 280 கலோரி, புரதம் 12 கிராம், கொழுப்பு 6 கிராம், மாவுச்சத்து 44 கிராம், நார்ச்சத்து 3 கிராம், சோடியம் 620 மில்லிகிராம். உள்ளே கோழி, சோறு, கொஞ்சம் காய், குழம்பு மாதிரி ஒன்று.

இதை விட்டுவிடுவதா, இதோடு ஏதாவது சேர்ப்பதா? காலையில் சமைத்து எடுத்துப் போவது இப்போதைக்கு என்னால் முடியாது. அந்த ஓர் அறிவுரையை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும்.

கணக்கர் எழுதியது:

தோழி, லேபிளை முழுதாக எழுதியதற்கு நன்றி. விடை அதிலேயே இருக்கிறது.

புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. உங்கள் பெட்டியில் புரதத்திலிருந்து 48, கொழுப்பிலிருந்து 54, மாவுச்சத்திலிருந்து 176. மொத்தம் 278, அதை 280 என்று போட்டிருக்கிறார்கள். ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மாவுச்சத்து. அதுவும் குழைந்த சோறு, மெல்ல வேண்டிய அவசியமே இல்லாதது. பசியைத் தள்ளிப்போடும் புரதமும் நார்ச்சத்தும் இதில் சொற்பம். நீங்கள் இரவு ஏழரைக்குச் சாப்பிடுகிறவர் என்றால், 280 கலோரியை வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் ஓட்டச் சொல்கிறீர்கள். நாலு மணிக்கு உடம்பு கேட்பது நியாயம்தான்.

இன்னொன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிப்படி, முழுச் சாப்பாட்டுப் பெட்டியில் 'குறைந்த கலோரி' என்று அச்சிட 100 கிராமுக்கு 120 கலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. உங்களுடையது 100 கிராமுக்கு 110. ஆக, பெயர் சரிதான். ஆனால் அது அடர்த்தியைப் பற்றிய கணக்கு. உங்கள் வயிற்றுக்கு 255 கிராம் போதுமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

நான் செய்வது: பெட்டியோடு இரண்டு வேகவைத்த முட்டை (சுமார் 150 கலோரி, 12 கிராம் புரதம்). 150 கிராம் உறைந்த பிராக்கோலியோ பீன்ஸோ (சுமார் 50 கலோரி, நாலு கிராம் நார்ச்சத்து). கூட்டினால் 480 கலோரி, புரதம் 27 கிராமை ஒட்டி வரும், நார்ச்சத்து ஏழு. இப்போது அது ஒரு மதியச் சாப்பாடு. 280 என்பது பாதிச் சாப்பாடுதான். பெட்டியின் மேல் அப்படி யாரும் அச்சிடுவதில்லை.

அடுப்படி எழுதியது:

அறிவுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. 255 கிராம் பெட்டியில் எவ்வளவு கோழி இருக்கிறது என்று ஒரு முறை தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது நாலு சிறு துண்டு இருந்தது. மீதி சோறும் கெட்டியாக்கிய சாறும்தான். அதே கோழியை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சமைத்து, ஆறு டப்பாவில் போட்டு உறைய வைத்தால் காலையில் செய்ய வேண்டியது டப்பாவைப் பையில் போடுவது மட்டும். ஃப்ரீசர் கடைக்காரருக்கு மட்டும் சொந்தமானதில்லையே.

இரவுப்பணி எழுதியது:

அடுப்படி அக்கா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நான் மருத்துவமனையில் செவிலியர். பன்னிரண்டு மணி நேரப் பணி, வாரத்தில் எந்த நாள் விடுப்பு என்பதே மாறிக்கொண்டிருக்கும். விடுப்பு நாளில் பிள்ளைகள், துணி, தூக்கம். அதற்குள் ஆறு டப்பா சமைக்கச் சொன்னால் நான் தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டும்.

பெட்டி வருவதற்கு முன் என் பணிவேளைச் சாப்பாடு என்ன தெரியுமா? தானியங்கி இயந்திரத்திலிருந்து சிப்ஸ், அப்புறம் சர்க்கரை போட்ட காபி மூன்று. அதோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி எனக்கு எவ்வளவோ மேல். இதை வீட்டுச் சாப்பாட்டோடு மட்டுமே ஒப்பிடுகிறோம். பலருக்கு இது சாப்பிடாமல் இருப்பதற்கு மாற்று, அல்லது கையில் கிடைத்ததைத் தின்பதற்கு மாற்று. நீலவானமும் அதையேதான் எழுதியிருக்கிறார்.

கணக்கர் சொன்னதை நான் வேறு மாதிரி செய்கிறேன். 150 கிராம் சர்க்கரை போடாத தயிர் (வகையைப் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு கிராம் புரதம் வரும்), ஓர் ஆப்பிள். வேகவைக்கவோ உரிக்கவோ எதுவும் இல்லை. ஆப்பிளைப் பெட்டிக்கு முன்பே சாப்பிட்டுவிடுவேன், சாப்பாடு சூடாகும் நேரத்தில். பசியின் முதல் வேகம் அதில் அடங்கிவிடுகிறது.

உப்புக்கல் எழுதியது:

எல்லோரும் கலோரியைப் பேசுகிறீர்கள். 620 மில்லிகிராம் சோடியத்தை யாரும் தொடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே. சமையல் உப்பாகச் சொன்னால் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சின்னப் பெட்டியிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஆள் நான். இரண்டு வருடம் மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பிட்டிருக்கிறேன், 'லைட்' என்று போட்டிருக்கிறதே என்ற நம்பிக்கையில். மருத்துவர் லேபிளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கலோரி குறைவு என்றால் உப்பும் குறைவு என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கணக்கர் சொன்ன அதே அமெரிக்க விதியில் 'குறைந்த சோடியம்' என்று ஒரு சாப்பாட்டுக்குப் போட 100 கிராமுக்கு 140 மில்லிகிராம்தான் வரம்பு. நீலவானத்தின் பெட்டியில் 243 வருகிறது.

சேர்த்துச் சாப்பிடும் பொருளில் உப்பு வேண்டாம். காயை வெறுமனே வேகவைத்துப் பெட்டியில் இருக்கும் குழம்புச் சாற்றிலேயே பிரட்டினால் போதும், அதில் இருக்கும் உப்பு இரண்டுக்கும் தாங்கும். முட்டைக்கு மிளகு போதும். ஊறுகாய், பாலாடைக்கட்டி, உப்புக் கடலை இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குளிர்கிடங்கு எழுதியது:

உறைந்த உணவுத் தயாரிப்பில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் உப்பு. பலரும் நினைப்பதுபோல் அது கெடாமல் இருக்கச் சேர்ப்பதில்லை. மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகாது. காப்பது குளிர்தான். உப்பு பெரும்பாலும் சுவைக்காக. கொழுப்பைக் குறைத்தால் வாயில் நிறைவு குறையும், அந்தக் குறையை உப்பு, சர்க்கரை, மாவு இவற்றை வைத்து ஈடுகட்டுவார்கள். சாறு கெட்டியாக இருப்பதும் அதனால்தான். சாதாரண மாவில் செய்த சாறு உறைந்து உருகும்போது நீர் பிரிந்துவிடும். அதற்கென்று மாற்றியமைத்த ஸ்டார்ச் போடுவார்கள்.

இரண்டாவது, சூடாக்குவது. இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். பெட்டியில் 'ஐந்து நிமிடம்' என்று இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் '1100 வாட்' என்றும் இருக்கும். அலுவலகச் சமையலறையில் கிடப்பது பெரும்பாலும் 700 அல்லது 800 வாட் பழைய இயந்திரம். 1100 வாட்டில் ஐந்து நிமிடம் கொடுக்கும் சக்தியை 700 வாட் கொடுக்க ஏறக்குறைய எட்டு நிமிடம் வேண்டும். உங்கள் இயந்திரம் எத்தனை வாட் என்பது கதவின் உள்பக்கத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும்.

ஏன் ஓரம் கொதித்து நடு கல்லாக இருக்கிறது என்று கேட்பார்கள். மைக்ரோவேவ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், ஐஸ் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். ஓரத்தில் ஓரிடம் முதலில் உருகினால் அந்த இடமே சக்தியை வாங்கி வாங்கிச் சூடாகும், நடுவில் இருக்கும் ஐஸுக்குப் போய்ச் சேராது. ஐஸை உருக்குவதற்கே எவ்வளவு செலவாகிறது பாருங்கள்: 0 டிகிரி ஐஸை 0 டிகிரி தண்ணீராக்க ஆகும் சக்தியில், அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அதனால் மூன்றாவது நிமிடத்தில் வெளியே எடுத்துக் கிளறி, மறுபடி வைக்க வேண்டும். முடிந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே விட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவுகிறது. அதுவும் சமையலின் ஒரு பகுதி, தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். உறைய வைப்பது கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம் வருவதற்குள் பாதி உருகிவிட்டால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

மெய்ப்பொருள் எழுதியது:

நண்பர்கள் எல்லோரும் இதை எப்படிச் சரிசெய்வது என்று பேசுகிறீர்கள். இதைச் சாப்பிடலாமா என்பதே என் கேள்வி. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலும் குழுவினரும் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு (ஆலையில் பல சேர்மானங்கள் போட்டுத் தயாரிப்பது), இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. உறைந்த பெட்டிச் சாப்பாட்டில் பெரும்பாலானவை அந்த வகையில்தான் வரும்.

கணக்கர் எழுதியது:

ஐயா, நல்ல ஆய்வு, நானும் படித்திருக்கிறேன். ஆனால் அங்கே தட்டுக்கு அளவில்லை. பெட்டி 255 கிராமில் முடிந்துவிடுகிறது. பெட்டியின் பயனே அந்த எல்லைதான்.

மெய்ப்பொருள் எழுதியது:

எல்லை பெட்டிக்கு இருக்கிறது, நாளுக்கு இல்லை. நாலு மணி பிஸ்கட்டும் அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவதும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டனவே. அதே ஆய்வில் இன்னொன்றும் கவனித்தார்கள்: பதப்படுத்திய உணவைச் சாப்பிட்ட வேகம் அதிகம். நீலவானம், ஒரு பெட்டியை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மிதவை எழுதியது:

இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கும் பெட்டிதான் தொடக்கம். மதியம் ஒன்று. எடை குறைந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் இரவுக்கும் ஒன்று. காலையில் காபி மட்டும். ஒரு நாளைக்கு 700 கலோரியில் பத்து மாதம் இருந்திருக்கிறேன். எண் அச்சிட்ட உணவைத் தவிர வேறு எதையும் சாப்பிடப் பயம் வந்துவிட்டது. வீட்டில் அம்மா பரிமாறினால், இதில் எத்தனை கலோரி என்று தெரியாதே என்று தட்டைத் தள்ளிவைப்பேன். முடி கொட்டியது, மாதவிலக்கு நின்றது, ஒரு நாள் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். மீண்டு வர ஒன்றரை வருடம் ஆனது. உணவியல் வல்லுநர் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் இல்லாமல் என்னால் வந்திருக்க முடியாது.

பெட்டியைக் குறை சொல்லவில்லை. கை நடுங்குகிறது என்று நீலவானம் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. தோழி, கை நடுங்குவதை மன உறுதிக்கு வந்த சோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு சேர்த்த பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் ஒரு முறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

நீலவானம் எழுதியது:

மிதவை, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. நன்றி. நீங்கள் சொன்னபடி பரிசோதனைக்கு எழுதி வாங்கிவிட்டேன்.

மெய்ப்பொருள் ஐயா, நேற்றுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே ஆறு நிமிடம். உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று முதல் பதிவில் பெருமையாக எழுதியிருந்தேன், உட்கார்ந்தது மட்டும்தான் உண்மை.

குளிர்கிடங்கு அண்ணா, எங்கள் இயந்திரம் 700 வாட்தான். கதவின் உள்ளே இருக்கிறது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நடுச்சோறு ஜில்லென்று இருப்பதை இவ்வளவு நாள் பெட்டியின் குறை என்று நினைத்து ஓரத்தை மட்டும் சாப்பிட்டுப் பாதியை ஒதுக்கியிருக்கிறேன். ஆக, 280 கலோரியையும் நான் முழுதாகச் சாப்பிடவில்லை.

ஒரு கேள்வி: பிளாஸ்டிக் தட்டோடு சூடாக்கலாமா?

குளிர்கிடங்கு எழுதியது:

அந்தத் தட்டுகள் மைக்ரோவேவ் சூட்டைத் தாங்கும் வகையில் செய்தவை, உருகாது. ஆனால் தாங்குவது வேறு, துகள் எதுவும் வெளிவராமல் இருப்பது வேறு. பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் சூடாக்கும்போது நுண்துகள்கள் வெளிவருவதை 2023-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். என் வழி இது: முதல் மூன்று நிமிடம் தட்டிலேயே, உறைவு விட்டதும் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிக் கிளறி மீதியைச் சூடாக்குவேன். எப்படியும் கிளற வேண்டும், அதோடு இதுவும் முடிந்துவிடும். கிண்ணத்தில் காய் சேர்க்கவும் இடம் கிடைக்கும்.

பழையவன் எழுதியது:

வயதில் மூத்தவன் என்பதால் ஒரு சின்னத் தகவல். 1950-களில் உறைந்த சாப்பாட்டுத் தட்டு அமெரிக்காவில் பிரபலமானபோது அது அலுமினியத் தட்டு, ஓவனில் வைத்துச் சூடாக்க வேண்டும், கலோரியை யாரும் பேசவில்லை. 1981-இல் லீன் குசீன் என்ற உறைந்த சாப்பாட்டு பிராண்ட் வந்தபோதுதான் '300 கலோரிக்குள்' என்ற வாக்கு பெட்டியின் முகமாக ஆனது. அந்த 300 நினைவில் நிற்கும் ஒரு முழு எண். நீலவானத்தின் உயரம், எடை, வேலை எதையும் பார்த்துப் போட்ட எண் இல்லை அது. நம் பசிக்கு அந்த எண்ணை அளவுகோலாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கணக்கர் எழுதியது:

பழையவன் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். லேபிள் எண்ணும் கறாரானதல்ல. 2010-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தபோது கடையில் விற்கும் உறைந்த சாப்பாடுகளில் அச்சிட்டதைவிடச் சராசரியாக 8 சதவீதம் கூடுதலாக இருந்தது. 280 என்பது 300 ஆகவும் இருக்கலாம். இருபது கலோரிக்காக முட்டையை ஒதுக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இதைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

நீலவானம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

இரத்தச் சர்க்கரை சரியாக இருக்கிறது. மதியம் இப்போது இப்படி: பெட்டி, 150 கிராம் உறைந்த பீன்ஸ், அப்புறம் முட்டை அல்லது தயிர். வேறு பெட்டிக்கும் மாறிவிட்டேன்: 340 கலோரி, 20 கிராம் புரதம், 480 மில்லிகிராம் சோடியம். கலோரி கூடிய பெட்டியை எடுக்க முதல் நாள் கை தயங்கியது. திரையை விட்டு எழுந்து சமையலறை மேசையில் சாப்பிடுகிறேன், பதினைந்து நிமிடம் ஆகிறது. நாலு மணிக்குப் பசி வருகிறது, நடுக்கம் இல்லை. ஒரு பழத்தில் அடங்கிவிடுகிறது. எடை அரைக் கிலோதான் குறைந்திருக்கிறது, ஆனால் இரவில் நின்றுகொண்டு சாப்பிடுவது நின்றுவிட்டது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மைக்ரோவேவ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: '700 வாட். பெட்டியில் 5 நிமிடம் என்றால் இங்கே 8. நடுவில் கிளறவும். 2 நிமிடம் பொறுக்கவும்.' பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து நன்றி சொன்னார்கள்.

அடுப்படி அக்கா, போன ஞாயிறு மனம் கேட்காமல் நாலு டப்பா சமைத்து உறைய வைத்தேன். கோழி நன்றாக இருந்தது, சோறு மட்டும் விறைத்துக் கட்டியாகிவிட்டது. என்ன செய்வது?

அடுப்படி எழுதியது:

நாலு டப்பாவா, சந்தோஷம் தங்கமே. சோறு ஆறி இறுகிய பிறகு உறைய வைத்திருப்பீர்கள். வடித்த கொஞ்ச நேரத்திலேயே அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள், ஆவி அடங்கியதும் உடனே டப்பாவில் போட்டு மூடி ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், சோறு சீக்கிரம் கெடும். டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். சூடாக்கும்போது மேலே ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடியைத் தளர்வாக வைத்துவிட்டால் ஆவியிலேயே உதிர்ந்துவிடும். டப்பா மேல் தேதி எழுத மறக்காதீர்கள்.